உறையும் வாயடக்கமும்



எழுத்தறியாத தோட்டப் பாட்டாளிகள் தாயகத்துக்குக் கடிதம் அனுப்பிய காலத்தில், அதனை எழுதித் தந்தவர் ஒருவர்; ஊரில் படித்துக் காட்டியவர் மற்றொருவர். குடும்பத்தின் கடனும் கண்ணீரும் அவ்விருவருக்கும் தெரியும். அவர்களது வாயடக்கத்தை நம்பியே பினாங்குத் துறைமுகத்திலிருந்து அக்கடிதங்கள் கப்பலேறின.

இன்று புலனம் எனும் வாட்ஸ்அப்பில் நொடியில் செய்தி சேர்கிறது. 2016 ஏப்ரல் முதல் அதில் முனைக்கு முனை மறையாக்கம் முழுமையாக நடைமுறையில் உள்ளது. அனுப்புநரின் கருவியில் பூட்டப்படும் செய்தி, பெறுநரின் கருவியில்தான் திறக்கும். இடையிலுள்ள நிறுவனத்தால் அதனைப் படிக்க இயலாது. டெலிகிராமில் இப்பாதுகாப்பு இயல்பாக அமைவதில்லை. இருவருக்கிடையிலான இரகசிய உரையாடலைத் தேர்ந்தெடுத்தால் மட்டுமே கிட்டும். குழுக்களுக்கு அதுவும் இல்லை.

ஆயினும், மறையாக்கம் காப்பது செய்தி செல்லும் வழியை மட்டுமே. யார், யாரோடு, எப்போது தொடர்புகொண்டனர் என்பதை அது மறைப்பதில்லை. இணையக் கிடங்கில் சேமிக்கும் காப்புப்படிக்கு மறையாக்கத்தை நாமே இயக்கிக்கொள்ள வேண்டும். ஆறு இலக்கப் பதிவு எண்ணை ஏமாற்றுக்காரரிடம் சொல்லிவிட்டால், கணக்கே கைமாறிவிடக்கூடும். ஆகவே இருபடிச் சரிபார்ப்பை இன்றே இயக்கி வையுங்கள்.

இவற்றினும் பெரிய இடர், செய்தியைப் பெற்றவரின் கையில் இருக்கிறது. ஆசிரியரை நம்பி ஒரு மாணவி எழுதிய வீட்டுத் துயரம், திரையைப் படமெடுத்த மறுகணம் பெற்றோர் குழு முழுவதும் பரவலாம். எந்த மறையாக்கமும் அதனைத் தடுக்காது. நம் நாட்டின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ வணிக நடவடிக்கைகளுக்கானது. கூட்டரசுக்கும் மாநில அரசுகளுக்கும் அது பொருந்தாது. தனிப்பட்ட, குடும்பப் பயன்பாட்டுக்கும் விலக்குண்டு. நண்பர்களின் அன்றாட உரையாடல் பெரும்பாலும் அதன் எல்லைக்கு வெளியேதான் நிற்கிறது.

சட்டம் எட்டாத அவ்விடத்தில் நம் பண்பாடு காவல் நிற்க வேண்டும். திருக்குறளில் புறங்கூறாமைக்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. அவ்வறம் நாவுக்கு மட்டுமன்று, விரலுக்கும் உரியது.

ஆசிரியர்களே, மாணவரின் மதிப்பெண்ணையும் குறையையும் குழுவில் இடாதீர்கள். மாணவர்களே, பிறர் எழுதியதை அவரைக் கேளாமல் பகிராதீர்கள். ஒருமுறை நம்பிக்கை குலைந்த பிள்ளை, உதவி தேவைப்படும் நாளில் யாரிடமும் வாய்திறக்காமல் போகக்கூடும்.