பசுவின் தீவனமும் புழுவின் புரதமும்

ஊவா மாகாணத்துத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனிப்பெயர் உண்டு. ஆடி, ஆவணி மாதங்களில் பதுளை, பசறை, பண்டாரவளை மலைகளில் வீசும் வறண்ட காற்றே அத்தேயிலைக்கு நறுமணம் ஊட்டுகிறது. ஆனால் லயத்தின் அருகே ஒன்றிரண்டு பசுக்களை வளர்க்கும் தோட்டத் தொழிலாளிக்கு அதே காற்றுப் பகையாகி விடுகிறது. புல் காய்கிறது, பால் குறைகிறது. தேங்காய்ப் புண்ணாக்கையும் தவிட்டையும் விலை கொடுத்து வாங்கவேண்டும். பாற்காசை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு இது சிறு துன்பமன்று.

இந்நிலையில் பூச்சிப் புழுக்களைத் தீவனமாக்கும் முயற்சி பல நாடுகளில் பேசப்படுகிறது. கறுப்புச் சிப்பாய் ஈ என்னும் பூச்சியின் புழு காய்கறிக் கழிவை உண்டு இரண்டு வாரங்களிற் கொழுத்து விடும். உலர்த்திய புழுவில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பங்கு புரதமும் 30 பங்கு கொழுப்பும் உண்டு. அப்படியாயின் அதைப் பசுவுக்குக் கொடுத்தாலென்ன என்று நேயர்கள் வினவலாம்.

இதற்கு விடை பசுவின் வயிற்றிலேயே இருக்கிறது. அசைபோடும் விலங்கின் பெருவயிற்றில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்கள் புல்லையும் வைக்கோலையும் பதப்படுத்தித் தாமே புரதம் ஆக்குகின்றன. தீவனத்திற் கொழுப்பு மிகுந்தால் அவற்றின் வேலை தடைப்படும், நார் செரியாது. தேங்காய் எண்ணெயில் உள்ள லோரிக் அமிலமே இப்புழுவின் கொழுப்பிலும் மிகுதியாக உள்ளது. ஆகவே கொழுப்பு நீக்காத புழுவைப் பசுவுக்கு அள்ளிக் கொடுத்தல் தகாது.

வேறோர் எச்சரிக்கையும் உண்டு. 1986ஆம் ஆண்டு பிரித்தானியாவில் மாடுகளைப் பித்தாக்கும் மூளைநோய் ஒன்று கண்டறியப்பட்டது. இறந்த கால்நடைகளின் இறைச்சி, எலும்பு மாவை மாடுகளுக்கே உணவாக்கியதால் அந்நோய் பரவியது. 1996இல் அது மனிதரையும் தொற்றக்கூடும் என்பது வெளியாயிற்று. அப்பாடத்தை மறவாத ஐரோப்பிய ஒன்றியம் பூச்சிப் புரதத்தை 2017இல் வளர்ப்பு மீன்களுக்கும், 2021இல் கோழிக்கும் பன்றிக்கும் அனுமதித்தது. அசைபோடும் விலங்குகளுக்கோ அனுமதிக்கவில்லை.

ஆகவே புழுவைக் கோழிக்குக் கொடுப்பதே அறிவுடைமை. லயத்துச் சமையற் கழிவிலும் சந்தைக் காய்கறிக் கழிவிலும் வளர்த்த புழு கோழிக்கு நல்லுணவாகும். எஞ்சிய மக்கு, வீட்டுத் தோட்டத்துக்கு உரமாகும்.

பசுவுக்கு வேண்டிய புரதமோ வேலியிலேயே நிற்கிறது. கிளிரிசிடியா இலை வறட்சியிலும் கைகொடுக்கும். அதன் மணத்தைப் பசு முதலில் வெறுப்பினும், சற்று வாடவைத்துச் சிறுகச் சிறுகக் கொடுத்தால் பழகிவிடும். மொத்தத் தீவனத்திற் கால்பங்குக்கு மேற்படாதிருத்தல் நன்று. வெலிமடை வயல்களின் வைக்கோலையும் வீணாக்க வேண்டியதில்லை. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் நீரிற் கரைத்துச் சீராகத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடிவைத்தால் அது எளிதிற் செரிக்கும். திறந்தபின் காற்றாட விட்டே கொடுக்கவேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு இது ஆகாது. யூரியாவையோ அது கரைந்த நீரையோ மாடு நேராக உட்கொண்டால் உயிருக்கே கேடு.

புதுமை எதுவாயினும் அதை ஏற்கும் வயிறு எதுவென்று அறிந்து கொடுப்பதே கால்நடை வளர்ப்போர்க்கு நலம் தரும்.