மலையேறும் தீ

    

நாம் இரயில்வேயில் எழுத்தர் பணி புரிகின்றோம். வனவியல் கற்ற அறிஞர் அல்லோம். எனினும், முற்காலத்தில் தண்டவாளத்தைத் தாங்கிய சிலீப்பர் கட்டைகளைப் பற்றி அறியப் புகுந்தபோது, இமயத்தின் சீர்ப் பைன் மரம் எமக்கு அறிமுகமாயிற்று. கிரியோசோட்டு எண்ணெய் ஊட்டிய அம்மரக் கட்டைகளின்மீது வண்டிகள் பல்லாண்டு ஓடின.

அம்மரத்தின் வாழ்வு விந்தையானது. குமாவோன் மலைகளில் வெயில் காயும் தென்சரிவில் பைன் மிகுதி. ஈரம் நிலைக்கும் வடசரிவில் பாஞ் என்னும் ஓக் மரம் செழிக்கிறது. கோடையில் உதிரும் பைன் ஊசியிலைகள், எளிதில் தீப்பற்றும் மெத்தையாகப் பரவுகின்றன. தீ மூண்டால் தடித்த பட்டையுடைய முதிர்ந்த பைன் பிழைத்துக்கொள்கிறது. ஓக்கின் இளங்கன்றுகளோ கருகுகின்றன. எரிந்து வெறுமையான நிலத்தில் பைனின் சிறகு விதைகள் வீழ்ந்து முளைக்கின்றன. தீ அடிக்கடி வர வர, மக்களுக்குத் தழையும் விறகும் தரும் ஓக் காடு சுருங்குகிறது.

வாகட்டில் வாழும் நமக்கு இமயத்துத் தீ எதற்கு என வினவலாம். மரம் வேறாயினும் சரிவின் நியதி ஒன்றே. வெப்பம் மேலெழுந்து, மேலேயுள்ள புல்லையும் சருகையும் முன்னதாகவே உலர்த்திவிடுகிறது. ஆதலால் தீ, இறங்குவதினும் விரைந்து ஏறும். மனிதனோ ஏறுகையில் தளர்வான். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில், காய்ந்த புற்சரிவில் தீயிடைச் சிக்கிய மலையேற்றக் குழுவினருள் 23 பேர் மாண்டனர். அத்துயரை நாம் மறத்தல் ஆகாது.

நம் பிள்ளைகள் விடுமுறைதோறும் சிம்மகட்டுக்கும் லோககட்டுக்கும் செல்கின்றனர். இச்சகியாத்திரிச் சரிவுகளிலும் கோடையில் புல் காய்ந்து 'வணவா' மூள்வதுண்டு. ஆகவே ஒரு வேண்டுகோள்: மலைப் பயணங்களை ஐப்பசி, கார்த்திகையில் வைத்துக்கொள்வோம். கோடையில் செல்ல நேரின், வனத்துறையின் இசைவு பெற்றே செல்வோம். தீக்குச்சியும் பீடியும் மலைக்கு வேண்டா. கீழே புகை கண்டால் உச்சியை நோக்கி ஓடாது, பக்கவாட்டில் விலகிப் புல்லற்ற பாறை வெளியை நாடுமாறு பிள்ளைகளுக்கு இன்றே கற்பிப்போம்.

மலையைக் கண்டு மகிழ்வோம். அதன் இயல்பறிந்து நடப்போம்.