விசாரணை எங்கே?



2012 பிப்ரவரி 15. கேரளக் கரையிலிருந்து இருபது கடல் மைல் தொலைவில் ‘செயின்ட் ஆண்டனி’ விசைப்படகு. ‘என்ரிகா லெக்சி’ என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலிலிருந்து துப்பாக்கி வெடித்தது. சுக்கான் பிடித்திருந்த கொல்லத்துக்காரர் செத்தார். படகின் முகப்பில் இருந்த நம் குமரி மாவட்டத்துப் பிள்ளையும் செத்தான். சுட்டவர்கள் இத்தாலியக் கடற்படை வீரர்கள். கடற்கொள்ளையர் என்று நினைத்தார்களாம்!

வழக்கு நம் நாட்டில் இருந்தது. விசாரிக்கும் உரிமை ஒன்றிய அரசுக்கே என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2015இல் இத்தாலி ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின்படி பன்னாட்டு மன்றத்துக்குப் போனது. 2020இல் ஹேக் நகரத் தீர்ப்பாயத்தின் ஐந்து நடுவர்களில் மூவர் சொன்னார்கள்: அந்த வீரர்கள் அரசுப் பணியில் இருந்தவர்கள், அவர்கள்மீது இந்தியா வழக்கு நடத்தக் கூடாது. இத்தாலி இழப்பீடு தரட்டும் என்றார்கள். பத்துக் கோடி ரூபாய் வந்தது, 2021இல் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்தது. நாங்களே விசாரிப்போம் என்று இத்தாலி கொடுத்த வாக்கைத் தீர்ப்பாயம் குறித்துக்கொண்டதோடு சரி. 2022 ஜனவரியில் ரோம் நீதிபதி அங்கிருந்த வழக்கையும் தள்ளிவிட்டார். இரண்டு உயிருக்கு இரண்டு நாட்டிலும் முழு விசாரணை நடக்கவில்லை!

பன்னாட்டு நீதிமன்றமே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. பாகிஸ்தான் மரண தண்டனை விதித்த குல்பூஷண் ஜாதவின் உயிருக்காக 2017இல் நாமே ஹேக் படியேறினோம். தண்டனையை மறுபரிசீலனை செய் என்று 2019இல் பாகிஸ்தானுக்கு உத்தரவு வாங்கினோம். அது சரியான காரியம். ஆனால் செத்தவர்களின் நாட்டின் கையிலிருந்து வழக்கைப் பிடுங்குகிற மன்றம், விசாரணை வேறெங்காவது நடப்பதை உறுதி செய்ய வேண்டாமா? இறையாண்மை போனது, நீதியும் வரவில்லை என்றால் எதற்காக விட்டுக்கொடுத்தோம்?

வல்லரசுகள் இப்படி விட்டுக்கொடுப்பதில்லை. பன்னாட்டு நீதிமன்றத்தில் நிகரகுவா தொடுத்த வழக்கில் 1986இல் தோற்ற அமெரிக்கா தீர்ப்பை ஏற்கவே இல்லை. கடல் சட்ட உடன்படிக்கையின் 298ஆம் பிரிவு, படை நடவடிக்கை பற்றிய தகராறுகளைக் கட்டாயத் தீர்ப்பிலிருந்து விலக்கிக்கொள்ள இடம் தருகிறது. 2006இல் சீனா விலக்கிக்கொண்டது. இந்தியா 1995இல் அந்த உடன்படிக்கையை ஏற்றபோது உங்களை யார் கேட்டார்கள்? நம் நாட்டில் உடன்படிக்கை செய்ய நாடாளுமன்றத்தின் ஒப்புதலே தேவையில்லை. அமைச்சரவை முடிவு செய்தால் போதும்.

ஆகவே நமது கோரிக்கை இது. நம் மண்ணிலும் கடலிலும் நடக்கும் குற்றத்தை விசாரிக்கும் அதிகாரத்தை வெளி மன்றத்தின் கையில் கொடுக்கும் எந்த உடன்படிக்கையும் முதலில் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வர வேண்டும். அதற்கான சட்டத்தை வரும் கூட்டத்தொடரிலேயே கொண்டுவா என்று ஒன்றிய அரசை இந்த மேடையிலிருந்து கேட்கிறோம்!