நடந்ததா, நடக்கவில்லையா?
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



நாட்டின் எல்லையைக் கடந்தபோது ஒரு திரைப்படத்தின் பெயர் மாறிப்போயிற்று. ருமேனிய இயக்குநர் கொர்னேலியு பொரும்போயு 2006ஆம் ஆண்டில் தம் முதல் முழுநீளப் படத்துக்குச் சூட்டிய பெயர் ஒரு வினா. 'நடந்ததா, நடக்கவில்லையா?' என்பது அதன் பொருள். ஆங்கிலம் வழங்கும் நாடுகளுக்கு அப்படம் சென்றபோது, 'புக்காரெஸ்டுக்குக் கிழக்கே 12:08' என்று பொருள்படும் வேறொரு பெயர் அதற்கு இடப்பட்டது. வினா மறைந்தது, கடிகார நேரம் ஒன்றும் திசை ஒன்றும் மிஞ்சின.

அந்த நேரம் ருமேனியர் அனைவரும் அறிந்த நேரம். 1989 டிசம்பர் 22ஆம் நாள் நண்பகல் 12:08க்குத்தான் சர்வாதிகாரி நிக்கொலாய் சௌசெஸ்கு, கட்சித் தலைமையகத்தின் கூரையிலிருந்து ஹெலிகாப்டரில் ஏறித் தப்பி ஓடினார். பொரும்போயுவின் படம் அதற்குப் பதினாறு ஆண்டுகளுக்குப் பின்னர் ஒரு சிற்றூரில் நிகழ்கிறது. உள்ளூர்த் தொலைக்காட்சியில் ஒரு விவாதம். அந்த நாளில் இவ்வூர் மக்கள் சதுக்கத்துக்கு வந்தது 12:08க்கு முன்பா, பின்பா? முன்பு வந்திருந்தால் அது புரட்சி; பின்பு வந்திருந்தால் வெறும் கூட்டம். குடிப்பழக்கமுள்ள வரலாற்று ஆசிரியர் ஒருவர், தாம் முன்னமே சென்று முழங்கியதாகச் சாதிக்கிறார். அவர் மதுக்கடையில் அல்லவா இருந்தார் என்று தொலைபேசியில் அழைப்பவர்கள் மறுக்கிறார்கள். உடன் அமர்ந்திருக்கும் முதியவரோ காகிதத்தில் படகு செய்துகொண்டிருக்கிறார். அவை நகைக்கிறது. கடைசியாக ஒரு தாய் அழைக்கிறாள். புரட்சியின் மறுநாள் புக்காரெஸ்டில் மகனை இழந்தவள் அவள். அவள் எந்தத் தரப்பையும் பேசவில்லை. வெளியே பனி பெய்கிறது என்றும், நாளை அது சேறாகிவிடும், இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுகிறாள்.

மூலப் பெயரில் இன்னொரு நயமும் உண்டு. அவ்வினாவின் முதற்சொற்களே ருமேனியப் பாட்டிமார் கதை தொடங்கும் வாய்பாட்டுக்கும் முதற்சொற்கள். நம் பாட்டிமாரின் 'ஒரே ஒரு ஊரிலே' போன்றது அது. புரட்சி நடந்ததா என்று கேட்கும் நாவிலேயே, அது கதையாகிவிட்டதோ என்னும் ஐயமும் ஒலிக்கிறது. இதை எந்த மொழிபெயர்ப்பாளரால் கொண்டுசெல்ல இயலும்? புதிய பெயரிட்டவரைக் குறை கூறுவதும் முறையன்று. அயலூரார் அரங்குக்குள் நுழைய ஏதேனும் ஒரு வாயில் வேண்டுமே! ஆயினும் சிறிய மொழி ஒன்றின் கலை வெளியூருக்குப் புறப்படும்போது எதை வீட்டில் விட்டுச் செல்கிறது, எதை உடன் எடுத்துச் செல்கிறது, அதை முடிவு செய்பவர் யார் என்னும் கேள்விகள் இந்தப் பெயர்மாற்றத்திலிருந்தே தொடங்குகின்றன.

இக்கேள்விகளை நேரில் சந்தித்த விழா ஒன்று நியூயார்க் நகரில் 2006ஆம் ஆண்டில் தொடங்கியது. அங்கிருந்த ருமேனியப் பண்பாட்டு நிறுவனத்தின் இயக்குநர் கொரீனா ஷுதேயு அதன் பொறுப்பை ஏற்றார். படங்களைத் தேர்ந்தவர் திறனாய்வாளர் மிஹாய் கிரிலோவ். ருமேனியாவின் க்ளூஜ் நகரில் 2002 முதல் நடந்துவரும் திரான்சில்வேனியத் திரைப்பட விழாவின் கலை இயக்குநரும் அவரே. தொடக்க ஆண்டுகளில் டிரைபெக்கா பகுதியிலுள்ள அரங்கில் நடந்த இவ்விழா, 2011இல் லிங்கன் மையத்துக்குச் சென்றது. 'அலை எழுப்புதல்' என்று பொருள்படும் 'மேக்கிங் வேவ்ஸ்' என்பது அதன் பெயர். ஆங்கில வழக்கில் அத்தொடருக்குக் கலகம் செய்தல் என்னும் பொருளும் உண்டு.

அரசுகள் வெளிநாட்டில் நடத்தும் பண்பாட்டு வாரங்களின் இயல்பைப் பலரும் அறிவர். தூதர் விளக்கேற்றுவார், நாட்டுப்புற நடனம் இருக்கும், மலைகளும் மடாலயங்களும் நிறைந்த செய்திப்படம் ஓடும், விருந்தோடு முடியும். ருமேனியப் புதிய இயக்குநர்கள் கொண்டுசென்றவை அத்தகையவை அல்ல. கிறிஸ்தி புயூ 2005இல் எடுத்த 'திரு. லசரெஸ்குவின் மரணம்' ஒரு முதியவரை இரவெல்லாம் மருத்துவமனை மருத்துவமனையாக அலைய வைக்கிறது. ஒவ்வொன்றும் அவரை அடுத்ததற்குத் தள்ளிவிடுகிறது. கான் விழாவில் 2007ஆம் ஆண்டின் தங்கப்பனை விருதைப் பெற்ற கிறிஸ்தியன் முன்ஜியுவின் '4 மாதங்கள், 3 வாரங்கள், 2 நாட்கள்', 1987இல் தோழியின் கருவைக் கலைக்க வழி தேடும் மாணவி ஒருத்தியின் ஒரு நாளைக் காட்டுகிறது. 1966ஆம் ஆண்டின் 770ஆம் ஆணை ருமேனியாவில் கருக்கலைப்பைத் தடை செய்தது. அந்த ஆணை நீங்கிய 1989 டிசம்பருக்குள், மறைவில் செய்துகொண்ட கருக்கலைப்புகளால் ஏறத்தாழ 10,000 பெண்கள் இறந்தனர் என மதிப்பிடுவர். படத்தில் இவ்வெண் எங்கும் பேசப்படவில்லை. தோழியை விடுதி அறையில் விட்டுவிட்டுக் காதலன் வீட்டுப் பிறந்தநாள் விருந்துக்கு வந்து, பெரியவர்களின் வெற்றுப் பேச்சுக்கு நடுவே அம்மாணவி அமர்ந்திருக்கும் காட்சி போதும். காமிரா அசையவில்லை. அவள் உண்ணவும் இல்லை, எழவும் இல்லை.

இப்படங்களைப் பார்த்த வெளிநாடுவாழ் ருமேனியரிடையே மனத்தாங்கல் எழுந்தது இயற்கையே. எங்கள் நாட்டில் வேறொன்றும் இல்லையா என்று கேட்டனர். வீட்டுக் குறையை அயலார் அவையில் சொல்லலாமா என்பது எல்லா இனத்தாருக்கும் உள்ள கூச்சம். 2008ஆம் ஆண்டில் இதே நியூயார்க் நிறுவனம் நடத்திய தெருக்கலைக் கண்காட்சி ஒன்றில், இளஞ்சிவப்பு நிறப் பொம்மைக் குதிரையின் மீது சுவஸ்திகா வரைந்திருந்தது என்று ருமேனியப் பத்திரிகைகள் பெரும் கூச்சலிட்டன. அந்தக் குதிரை நல்ல கலையா என்பது வேறு வழக்கு. அப்போது மூண்ட சினம் மட்டும் அடங்கவில்லை.

2012இல் அது அரசாணை வடிவில் வந்தது. அந்த ஆண்டு ஜூன் திங்களில் புதிய அரசு அவசர ஆணை ஒன்றினால் பண்பாட்டு நிறுவனத்தைக் குடியரசுத் தலைவரின் பொறுப்பிலிருந்து செனட் அவையின் பொறுப்புக்கு மாற்றியது. நிதியும் வெட்டப்பட்டது. வெளிநாடுவாழ் ருமேனியரின் தேசிய அடையாளத்தைக் காப்பதே நிறுவனத்தின் முதற்கடமை என்னும் கருத்து முன்வைக்கப்பட்டது. நிறுவனத் தலைவர் ஹொரியா-ரோமன் பதப்பியேவிச் பதவி துறந்தார். நியூயார்க்கில் ஷுதேயுவும் விலகினார்.

எதிர்த்தரப்பின் வாதத்தை எளிதாகத் தள்ளிவிடலாகாது. இத்தாலியிலும் ஸ்பெயினிலும் கட்டட வேலையும் முதியோர் பணிவிடையும் செய்து வாழும் ருமேனியர் இலட்சக்கணக்கானோர். விடுமுறை நாளில் ஊர்ப்பாட்டு ஒன்று கேட்க வேண்டும் என்று அவர்கள் விரும்பினால் அது இழிவான விருப்பம் அன்று. மன்ஹாட்டன் அரங்கில் அமரும் திறனாய்வாளனுக்காகச் செலவிடும் பணத்தில் எங்களுக்கும் பங்கு உண்டல்லவா என்னும் வினாவும் நேர்மையானதே. பிழை வேறோரிடத்தில் இருந்தது. அடையாளம் இன்னது என்று அரசு முதலில் வரையறுத்துக்கொண்டு, அதற்கேற்பக் கலையைத் தேடத் தொடங்கியபோதுதான் தீங்கு விளைந்தது. ருமேனியத் திரைக்கலைஞர்களுக்கு இது பழகிய அனுபவம். லூசியன் பின்திலியே 1968இல் முடித்த 'மறுநடிப்பு' என்னும் படத்தின் கதையே இதுதான்: குடித்துவிட்டுச் சண்டையிட்ட இரு இளைஞர்களை, குடியின் தீமையை விளக்கும் கல்விப்படத்துக்காக அதே சண்டையைத் திரும்ப நடிக்க வைக்கிறார்கள் அதிகாரிகள். அந்த நடிப்பில் ஓர் உயிர் போகிறது. படம் 1970இல் சிறிது காலமே திரையில் இருந்தது. பிறகு 1989 வரை தடை. பின்திலியே நாட்டுக்கு வெளியே சென்று பணிபுரிய நேர்ந்தது.

2012இன் இறுதியில் நியூயார்க் விழா நின்றுவிடும் என்றே எண்ணப்பட்டது. நிற்கவில்லை. இணையத்தின் வழியே பொதுமக்களிடம் நிதி திரட்டினர். கலைஞர்களும் தனியாரும் கொடுத்தனர். லிங்கன் மையத்தின் திரைப்படச் சங்கம் அரங்கைத் திறந்து வைத்தது. அரசின் கையின்றி ஏழாவது விழா நடந்தேறியது. இதே ஷுதேயு 2016இல் ருமேனியாவின் பண்பாட்டு அமைச்சரானார் என்பது பின்னாளைய செய்தி.

கவிஞர்கள் நிறைந்த இந்த அவையில், பொரும்போயுவின் மற்றொரு படத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே பேசலாம். 2009இல் வந்த அப்படத்தின் பெயரே ஓர் அகராதிப் பதிவு: 'போலீஸ், பெயரடை'. மூலத்திலுள்ள சொல் காவலர் என்னும் பெயர்ச்சொல்லாகவும் காவல் சார்ந்த என்னும் பெயரடையாகவும் வழங்குவது. கிறிஸ்தி என்னும் இளங்காவலன், நண்பர்களோடு போதைப்பொருள் புகைக்கும் பள்ளி மாணவன் ஒருவனைப் பின்தொடர்கிறான். தெருத்தெருவாக நடக்கிறான், மூலைகளில் காத்து நிற்கிறான், பிறகு அறிக்கை எழுதுகிறான். கையெழுத்திலுள்ள அவ்வறிக்கைகளைத் திரை முழுவதும் காட்டுகிறார் இயக்குநர். சட்டம் விரைவில் மாறிவிடும், ஒரு சிறுவனின் வாழ்வை எதற்காகக் கெடுப்பது என்று அவன் மனம் மறுகுகிறது.

அவன் மனைவி மொழியாசிரியை. ஒரு மாலை நேரத்தில் அவள் ஒரே காதற்பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பாட்டில் வரும் வினாக்களுக்குப் பொருள் என்ன, சொல்ல வந்ததை நேராகச் சொன்னால் என்ன என்று கேட்கிறான் கணவன். அவை உருவகங்கள் என்று அவள் விளக்குகிறாள். பிறிதொரு நாள் அவனுடைய அறிக்கையில் ஒரு சொல்லைத் திருத்துகிறாள். இதுவரை பிரித்தெழுதியதை இனிச் சேர்த்தெழுத வேண்டும் என்று ருமேனியக் கல்விக்கழகம் விதித்துவிட்டதாம். யார் விதித்தார்கள், ஏன் விதித்தார்கள் என்று அவன் வியக்கிறான். தமிழில் வலிமிகும் இடங்களையும் மிகா இடங்களையும் திருத்தித் திருத்தியே அந்திப்பொழுதைக் கழிக்கும் ஆசிரியர்கள் இந்தக் காட்சியில் தம் வீட்டையே காண்பர்.

இறுதியில், அந்தச் சிறுவனைப் பிடிக்க என் மனச்சான்று இடம் தரவில்லை என்கிறான் கிறிஸ்தி. மேலதிகாரி சினக்கவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. அகராதி ஒன்றைக் கொண்டுவரச் சொல்கிறார். 'மனச்சான்று' என்னும் சொல்லுக்குரிய பதிவை அவனையே வாசிக்க வைக்கிறார். பிறகு 'சட்டம்', அதன்பின் 'அறம்', கடைசியில் 'போலீஸ்'. ஒவ்வொரு பதிவும் அவன் நின்ற நிலத்தில் ஒரு பிடி மண்ணை எடுத்துவிடுகிறது. கடைசிப் பதிவில் 'போலீஸ் ஆட்சி' என்னும் தொடரும் எடுத்துக்காட்டாக வருகிறது. அதிகாரி அதை எளிதாகத் தள்ளிவிடுகிறார். அடுத்த காட்சியில் கிறிஸ்தி கரும்பலகையில் அச்சிறுவனைப் பிடிக்கும் திட்டத்தை வரைந்துகொண்டிருக்கிறான். சொல்லைக் காக்கத் தோன்றிய நூல் ஒருவனின் சொல்லைப் பறிக்கும் கருவியாகும் காட்சி உலகத் திரையில் இதைப்போல் வேறு உண்டா என்பது ஐயமே. வியப்பு யாதெனில், முழுக்க முழுக்க ருமேனியச் சொற்பொருளைப் பற்றிய இக்காட்சி அயல்நாட்டு அரங்குகளில் தெளிவாக விளங்கியது. எளிய பெயர் ஒன்று எல்லை தாண்ட இயலாமல் நின்றுவிட்டது. கடினமான அகராதி தாண்டிவிட்டது. எது கடக்கும், எது கடவாது என்பதை எந்த அமைச்சகமும் முன்கூட்டிக் கணிக்க இயலாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

அயலகத்தில் அரங்கு கிடைத்தது. தாயகத்தில்? 1990க்குப் பின்னர் ருமேனியாவின் அரசுத் திரையரங்குகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. சில நடனக் கூடங்களாயின, சில சூதாட்டக் கூடங்களாயின. தங்கப்பனை பெற்ற படத்தைத் தம் நாட்டவருக்குக் காட்ட முன்ஜியு 2007இல் படக்கருவியை வண்டியில் ஏற்றிக்கொண்டு, அரங்கற்ற ஊர்களாகத் தேடி 15 ஊர்களுக்குச் சென்றார்.

அந்நாட்டு மக்கள் திரைக்காகப் பசித்திருந்தது புதிதன்று. 1980களின் பிற்பகுதியில் மேலைநாட்டுப் படங்கள் கள்ளத்தனமாக வீடியோ நாடாக்களில் வந்தன. அரசுத் தொலைக்காட்சியில் மொழிபெயர்ப்பாளராயிருந்த இரினா நிஸ்டர், மறைவில் ஆயிரக்கணக்கான படங்களுக்கு ருமேனியக் குரல் கொடுத்தார். வீரனுக்கும் வில்லனுக்கும் குழந்தைக்கும் காதலிக்கும் அவர் ஒருவர் குரலே. வசைச்சொற்களை மென்மையாக்கிவிடுவார். இரவில் திரைச்சீலைகளை மூடிக்கொண்டு அண்டை அயலார் ஒரே தொலைக்காட்சிப் பெட்டியின் முன் கூடிக் கேட்டனர். குரலை நாடே அறிந்தது. முகத்தை எவரும் அறியார். 2015ஆம் ஆண்டில் இக்கதை ஓர் ஆவணப்படமாகவும் வந்தது.

அந்த நாடாக்களில் அயல்நாட்டு நடிகரின் குரல் நிஸ்டரின் குரலுக்கு அடியில் மங்கலாகவே கேட்டது. நியூயார்க் அரங்கில் மொழிபெயர்ப்பு திரையின் அடியில் எழுத்தாக ஓடியது. அதனால், பனி பெய்கிறது என்று சொல்லும் தாயின் குரல், ஒரு சொல் ருமேனியம் அறியாதவருக்கும் அவளுடைய மொழியிலேயே முழுமையாகக் கேட்டது.