எப்பாவலக் கல்லும் நமது உரிமையும்

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாம் தேயிலை மலைக்குப் போடும் பசளையில் எப்பாவலக் கல்லும் கலந்திருக்கிறது. அநுராதபுர மாவட்டத்தில் வெட்டி, மாவாக அரைத்து வரும் பொஸ்பேற்றுக் கல் அது. எளிதில் கரையாததால் நெல்லுக்கு அவ்வளவாக உதவாது. நமது மலையின் புளிப்பு மண்ணில் மெல்லக் கரைந்து தேயிலை வேருக்குச் சேரும். ஆகவே அந்தச் சுரங்கம் யார் கையில் என்பது நமக்கும் உரிய கேள்வி.

1971இல் அந்தக் கல் கண்டுபிடிக்கப்பட்டது. முதலில் அரச கூட்டுத்தாபனம் வெட்டியது. 1992இல் முழுவதும் அரசுக்குச் சொந்தமான லங்கா பொஸ்பேற் கம்பனி உருவானது. அதே ஆண்டில்தான் அரசிடமிருந்த நமது தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குப் போனது. நம்மை யாரும் கேட்கவில்லை.

பிறகு எப்பாவலவுக்கும் அந்த நாள் வந்தது. அமெரிக்காவின் பிரீபோர்ட் மக்மொரன் கம்பனியோடு 30 ஆண்டுத் திட்டம் தயாரானது. 2 கோடி 61 இலட்சம் தொன் கல்லை வெட்டி எடுப்பது நோக்கம். சுமார் 2,600 குடும்பங்கள், ஏறக்குறைய 12,000 பேர், வீடும் வயலும் இழக்கும் நிலை.

ஊர்வாசிகள் ஆறு பேரும் அங்குள்ள விகாராதிபதியும் உயர் நீதிமன்றம் போனார்கள். 2000 ஜூன் 2ஆம் திகதி தீர்ப்பு வந்தது. முறையான ஆய்வும் சுற்றாடல் தாக்க மதிப்பீடும் முடித்து, சட்டப்படி அனுமதி பெறாமல் அந்த ஒப்பந்தத்தைச் செய்யக் கூடாது என்றது நீதிமன்றம். சுரங்கம் கை மாறவில்லை.

அவர்களுக்கு நிலம் இருந்தது, நமக்கு லயத்துக்குக்கூட உறுதி இல்லையே என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் அவர்கள் வென்றது காணி உறுதியைக் காட்டி அல்ல. சட்டத்தின் முன் சமத்துவம், விரும்பிய தொழில் செய்யும் உரிமை, விரும்பிய இடத்தில் வசிக்கும் உரிமை ஆகிய மூன்றையும் காட்டித்தான். இவை பிரஜைகளின் அடிப்படை உரிமைகள். 1948இல் நம்மிடம் பறித்த பிரஜாவுரிமையைப் போராடித் திரும்பப் பெற்ற நமக்கும் அவை உண்டு.

அரசு உடைமை என்றால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நாம் சொல்லவில்லை. அரசுத் தோட்டங்களிலும் சேமலாப நிதிக்காகக் காத்திருந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். உடைமை யாருடையதானாலும், கை மாறும் முன் மக்களைக் கேட்க வேண்டும் என்பதே நமது கோரிக்கை.

ஒன்றை மறக்க வேண்டாம். அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். காணி பற்றியோ கைமாற்றம் பற்றியோ கடிதம் வந்தால், கையெழுத்துப் போடாமல் அன்றைக்கே கிளைக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்து வாசிப்போம்.