மாதுவோடு தாதுவும்: தமிழ்ச் சாகித்திய மீட்பு குறித்த தலைமையுரை

மேடையில் பாடுவோரும் ஏடுகளோடு வாழ்வோரும் ஒருங்கே கூடியிருக்கும் அவைக்குத் தலைமை ஏற்பது எவர்க்கும் பெருமை தருவதே. எனினும் இரு திறத்தாரும் தத்தம் துறையில் கரைகண்டவர்களாக அமர்ந்திருக்கையில், அவ்விரண்டுக்கும் நடுவே உள்ள ஒரு பொருளைப் பற்றிப் பேச எழுபவர்க்குத் தயக்கமும் உடன்வருவது இயல்பு. அத்தயக்கத்தை அவை பொறுத்தருளும் என்ற நம்பிக்கையோடு இவ்வுரை தொடங்குகிறது.

‘புறக்கணிக்கப்பட்ட தமிழ்ச் சாகித்தியகர்த்தர்களும் அவர்தம் படைப்புகளின் மீட்பும்’ என்பது இவ்விழாவின் கருத்தரங்கிற்கு வகுக்கப்பட்ட பொருள். அதன் வரலாற்றுப் பகுதி இவ்வவையோர் அறிந்ததாதலின் விரித்துரைக்க வேண்டியதில்லை. 1941இல் அண்ணாமலை நகரில் கூடிய தமிழிசை மாநாடும், 1943இல் சென்னையில் தோன்றிய தமிழ் இசைச் சங்கமும், அச்சங்கம் 1949 முதல் நடத்திவந்த பண் ஆராய்ச்சியும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1940களில் சுரதாளக் குறிப்போடு வெளியிட்ட பாடல் தொகுதிகளும் இல்லாதிருப்பின், இன்று இவ்விழாவின் ஏழு மாலைகளையும் நிரப்பத்தக்க உருப்படிகள் கைக்குக் கிடைத்திரா. கச்சேரியின் இறுதியில் ‘துக்கடா’வாக மட்டும் ஒலித்த தமிழ்ப் பாடலை நடுமேடைக்குக் கொண்டுவந்த அப்பெருமக்களுக்கு இத்துறையில் உழைக்கும் ஒவ்வொருவரும் கடன்பட்டவர்.

இனி விரிவாக எண்ணத்தக்கது, மீட்கப்பட்டது எது என்னும் வினா. பழைய இசைநூலார் பாடலின் சொற்பகுதியை ‘மாது’ என்றும், அச்சொல் ஏறிவரும் இசைப்பகுதியை, அஃதாவது இன்று வர்ணமெட்டு எனப்படுவதை, ‘தாது’ என்றும் வழங்கினர். இரண்டையும் இயற்றுபவரே வாக்கேயகாரர். கடந்த எண்பது ஆண்டுகளில் தமிழ்ச் சாகித்தியகர்த்தர்கள் பலர்க்கு மாது மீட்கப்பட்டது. தாது மீட்கப்பட்டதா என்று கேட்டவர் சிலரே. கேட்டவர்களுக்கும், மெட்டு மறைந்துபோன பாடலுக்குப் புதுமெட்டு அமைப்பதன்றி வேறு வழி என்ன உண்டு என்ற ஒரே விடைதான் கிடைத்துவந்தது. அவ்விடை சிலர் திறத்தில் முற்றிலும் பொருந்தும். வேறு சிலர் திறத்தில் சிறிதும் பொருந்தாது. இவ்வேறுபாட்டைக் கருதாமல் எல்லாரையும் ஒரே தட்டில் வைத்ததே இம்மீட்புப் பணியின் பெருங்குறை.

சீர்காழி முத்துத்தாண்டவர் திறத்தில் அவ்விடை பொருந்தும். அவர் இயற்றியவற்றுள் 60 கீர்த்தனைகளும் 25 பதங்களும் கிடைத்துள்ளன. அவற்றுக்கு மேடையில் இன்று ஒலிக்கும் மெட்டுகள் பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டு வித்துவான்கள் அமைத்தவை. அருணாசலக் கவிராயரின் (1711–1779) இராமநாடகக் கீர்த்தனைகள் பலவற்றுக்கும் இதுவே நிலை. இங்கே, எல்லார்க்கும் புதுமெட்டே போதும் என்னும் எதிர்த்தரப்பார் ஒரு நல்ல சான்றைக் காட்டுவதுண்டு: கவிராயர் சொல்லையே தந்தார், சட்டநாதபுரத்தைச் சேர்ந்த கோதண்டராமையர், வெங்கடராமையர் என்னும் மாணாக்கர் இருவரே மெட்டமைத்தனர், ஆகவே தமிழ் மரபில் தாது என்பது பிறர் இட்டுக்கொள்ளும் ஆடை போன்றது என்பர். சான்று உண்மையே, அதிலிருந்து அவர்கள் கொள்ளும் முடிவுதான் ஏற்கத்தக்கதன்று. அவ்விருவரும் கவிராயரிடமே பாடம் கேட்டு, அவர் செவிமுன் மெட்டமைத்தவர்கள் என்பதோடு, அவர்கள் பெயரும் நூலாசிரியர் பெயரோடு சேர்த்தே நினைவில் வைக்கப்பட்டது. இருநூறு ஆண்டுகட்குப்பின் பெயர் குறிக்கப்படாமல் ஏறும் ஒரு மெட்டை அதற்கு நிகராக வைப்பது எங்ஙனம் பொருந்தும்?

கோபாலகிருஷ்ண பாரதியார் திறத்தில் வழக்கே வேறு. நரிமணத்தில் பிறந்து ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்த அவர் சொல்லும் இசையும் ஒருங்கே இயற்றிய முழு வாக்கேயகாரர். அவரைப் பற்றிய தலையாய சான்று, இசையாய்வாளர் போதிய அளவு பயன்கொள்ளாத ஒரு நூலில் இருக்கிறது. உ.வே. சாமிநாதையர் எழுதிய ‘சங்கீத மும்மணிகள்’ என்னும் அந்நூல் கனம் கிருஷ்ணையர், கோபாலகிருஷ்ண பாரதியார், மகாவைத்தியநாதையர் ஆகிய மூவரின் வரலாறுகளைக் கூறுவது. தமிழ்ப் புலவர் எழுதிய நூல் என்பதால் இசையாய்வாளர் இதை மேற்கோளுக்கு மட்டும் எடுத்தனர்; இசைவாணரைப் பற்றிய நூல் என்பதால் தமிழாய்வாளர் இதை ஐயரவர்களின் பிற பதிப்புகளுக்குப் பின்னே வைத்தனர். ஆயின் ஐயரவர்கள் செவிவழிச் செய்தியை மட்டும் தொகுத்தவரல்லர். மாயூரத்தில் பாரதியாரிடமே சிலகாலம் இசை பயின்றவர். அவருடைய தமிழாசிரியரான மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அதனை விரும்பாமையால் அப்பயிற்சி நின்றது என்பதையும் அவரே தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். பாடலாசிரியரின் குரலைத் தம் காதால் கேட்டவர் எழுதிய சான்று தமிழிசை வரலாற்றில் அரிதாகவே கிடைப்பது.

பாரதியார் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி இவ்வாதத்திற்கு மிகவும் வேண்டப்படுவது. தாம் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை அச்சிட முனைந்த பாரதியார் சிறப்புப்பாயிரம் வேண்டி மகாவித்துவானை அணுகினார். ஏட்டைப் படித்த மகாவித்துவானுக்கு அதிலிருந்த இலக்கண வழுக்கள் உறுத்தின. பாயிரம் தராமல் பலமுறை காலம் தாழ்த்தினார். ஒருநாள் பாரதியார் காத்திருக்கும்போது தம் பாடலொன்றைத் தாமே உருகிப் பாட, அதைக் கேட்டு நெகிழ்ந்த மகாவித்துவான் பாயிரம் தந்தார். இதைப் பக்தியின் பெருமைக்கு எடுத்துக்காட்டாகவே எல்லாரும் சொல்லிவருகின்றனர். இதில் ஆய்வுக்குரிய செய்தியும் ஒன்று உண்டு. அக்காலத் தமிழ்ப் புலமையின் முடிமணி, மாதுவை மட்டும் படித்தபோது அந்நூலைக் குறையுடையதாகக் கண்டார். தாதுவோடு கேட்டபோதே அதன் முழுமையை உணர்ந்தார். எழுத்தில் வழுவாகத் தோன்றிய நீட்டலும் குறுக்கலும் இசையின் நடையால் நேர்ந்தவை என்பது அவர் செவிக்குத் தெரிந்திருத்தல் வேண்டும். இவ்விளக்கம் ஊகமே என்று மறுத்த நண்பர்கள் உண்டு. எனினும் ஏட்டிலுள்ள ஓர் எழுத்தும் மாறாதிருக்கையில் பெரும் புலவரின் கருத்து மாறியதற்கு வேறு காரணம் காட்ட அவர்களால் இதுவரை இயலவில்லை.

இதற்குத் துணையாக மேடையிலேயே ஒரு சான்று உண்டு. அச்சரித்திரத்தில் நந்தனார் தில்லையுள் நுழையத் தயங்கி நின்று கேட்கும் ‘வருகலாமோ’ என்ற பாடல் மாஞ்சி இராகத்தில் பாடப்பட்டு வருகிறது. மாஞ்சி பைரவிக்கு மிக நெருங்கியது. சுரங்களை வரிசையாக எழுதிக் காட்டினால் இரண்டையும் பிரித்தறிவது கடினம். பிடிப்புகளாலும், காந்தாரத்தில் நின்று அசையும் அசைவாலும், விரையாத நடையாலுமே மாஞ்சி தனித்து நிற்கிறது. இவ்விராகத்தில் பரவலாகப் பாடப்படும் உருப்படிகளை விரல்விட்டு எண்ணலாம். சியாமா சாஸ்திரியாரின் ‘ப்ரோவவம்மா’வும் முத்துசுவாமி தீட்சிதரின் ‘ராமசந்த்ரேண’வும் அவற்றுள் முதன்மையானவை. தீண்டாமைக்கு ஆட்பட்ட ஒருவன் வாயிலில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்கும் கேள்விக்கு, துணிந்து மேலேறாமல் நின்று நின்று செல்லும் இவ்விராகமே வேண்டும் என்பதை இதை ஒருமுறை கேட்டவரும் உணர்வர். விரிவான ஆலாபனைக்கு இடம் தரும் பைரவியில் யாரேனும் இதை மாற்றியமைத்திருந்தால், கச்சேரிக்கு ஒரு நல்ல பைரவி உருப்படி கிடைத்திருக்கும். நந்தனாரின் தயக்கம் தொலைந்திருக்கும். மாஞ்சிக்குத் தமிழில் இருந்த பற்றுக்கோடும் போயிருக்கும்.

மூல மெட்டைத் தேடிக் காக்க வேண்டும் என்பது கனம் கிருஷ்ணையரின் பதங்களுக்கும் பொருந்தும். உடையார்பாளையம் அரண்மனையில் வாழ்ந்த அவர் தஞ்சை அவைக்கு வந்த பொப்பிலி கேசவையாவின் பாட்டைக் கேட்டுக் கனமார்க்கம் பயின்றவர். பைரவியில் அமைந்த ‘வேலவரே’ என்ற அவருடைய பதம் சதிர் மரபின் வழியாகவே இன்றைய பரதநாட்டிய மேடைக்கு வந்து சேர்ந்தது. மெட்டு கிடைக்கவில்லை என்று எழுதுமுன் நட்டுவனார் இல்லங்களிலும், கதாகாலட்சேபக்காரர் வழியிலும், ஓதுவார்களிடத்தும் கேட்டுப் பார்த்ததுண்டா என்று கேட்பது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் அக்கதவுகளைத் தட்டாமலேயே ‘மெட்டு வழக்கொழிந்தது’ என்று முடிவுகட்டிய கட்டுரைகள் பல வெளிவந்திருப்பதால் அக்கேள்வியைத் தவிர்க்க இயலவில்லை.

தியாகராசர், தீட்சிதர் கிருதிகளுக்கும் பாடாந்தரங்கள் பல உண்டே, தமிழ்ப் பாடலுக்கு மட்டும் இக்கட்டுப்பாடு எதற்கு என்பது மற்றொரு தடை. பாடாந்தரம் என்பது ஒரே மெட்டு குருபரம்பரைதோறும் சிறிது சிறிதாக வேறுபடுவது. இராகத்தையே மாற்றுவது அன்று. மேலும் தீட்சிதர் உருப்படிகளுக்கு, சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்தில் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’ கமகக் குறிகளோடு கூடிய உரைகல்லாக நிற்கிறது. எவ்வளவு விலகினோம் என்பதை அளந்தறியலாம். தமிழ் உருப்படிகளுக்கு அத்தகைய உரைகல் அமையாததாலேயே கூடுதல் எச்சரிக்கை வேண்டியிருக்கிறது. பழைய பதிப்புகளில் பாடலின் தலைப்பில் அச்சிட்டிருக்கும் இராக தாளப் பெயர்கள் அச்சகத்தார் இட்டவை என்று ஒதுக்கும் வழக்கமும் கைவிடத்தக்கது. சில இடங்களில் அவை பிழையாக இருக்கலாம். அதைப் பதிப்புக்குப் பதிப்பு ஒப்பிட்டு நிறுவவேண்டுமேயன்றி முன்கூட்டியே தள்ளுதல் முறையாகாது.

புதுமெட்டே கூடாதென்பது இவ்வுரையின் கருத்தன்று. அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் திருப்பாவைக்கு அமைத்த மெட்டுகளை எவரும் ஆண்டாள் காலத்தவை என்று மயங்குவதில்லை. அவருடையவை என்று தெரிந்தே அவை போற்றப்படுகின்றன. அந்நேர்மையே எல்லா உருப்படிகளுக்கும் வேண்டும். ஆகவே இவ்விழாவின் நிகழ்ச்சி நிரலில் ஒவ்வொரு பாடலின் கீழும் பாடம் எடுத்த பதிப்பு, அப்பதிப்பு காட்டும் இராக தாளம், இன்று பாடப்படும் மெட்டு யாரிடமிருந்து வந்தது அல்லது யார் அமைத்தது என்னும் மூன்றையும் அச்சிட வேண்டுமென விழாக் குழுவினரைக் கேட்டுக்கொள்வது பொருத்தமாகும்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. நந்தனார் சரித்திரம் கீர்த்தனைகளின் கோவை மட்டுமன்று. கதையை நடத்திச் செல்லும் தருக்களும், அரையடியை அடுத்துத் தனிச்சொல் நின்று நடைபோடும் நொண்டிச்சிந்தும், கண்ணிகளும் விரவிய முழு நூல். காரைக்காலில் இருந்த சீசே என்ற பிரெஞ்சு அதிகாரியின் ஆதரவில் 1860களின் தொடக்கத்தில் அச்சேறியதும் அம்முழு நூலே. கச்சேரி மேடை அதிலிருந்து பத்துப் பன்னிரண்டு கீர்த்தனைகளைப் பிரித்தெடுத்துக்கொண்டு எஞ்சியவற்றைக் கைவிட்டது. நிறைவு நாளில் திட்டமிடப்பட்டுள்ள நந்தனார் நிகழ்ச்சியிலேனும், ஆண்டையாகிய வேதியர் நந்தனாரிடம் வயல் வேலையை முடித்துவிட்டுத் தில்லைக்குப் போகச் சொல்லும் பகுதியைச் சிந்தும் தருவும் விடாமல் பாடுவதற்கு ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்கப்பட வேண்டும். அதற்கு இடம் வேண்டின், இன்று மாலை இத்தலைமையுரைக்கென ஒதுக்கியுள்ள இரண்டாம் பகுதியை அந்நாளுக்கு மாற்றிக்கொள்ளத் தலைமைக்கு முழு உடன்பாடு உண்டு.