மூணு மணி அலாரம்

இன்னைக்கு என் கதையையே சொல்றேன்.

26-வது வாரம். 75 கிராம் குளுக்கோஸ் குடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பார்த்தா, சுகர் 162. 140-க்குக் கீழே இருந்திருக்கணும். "நீ ஸ்வீட்டே தொடமாட்டியேடி!"ன்னு அம்மா அழுதாங்க. காரணம் ஸ்வீட் இல்லை. நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடுவதில்லை என்று டாக்டர் விளக்கினார்.

மேல்கையில் சென்சார் ஒட்டினார்கள். 14 நாள் தாங்கும். சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 140-க்குள் இருக்கணும். நாலு இட்லி சாப்பிட்டா 171. ரெண்டு இட்லி, ஒரு முட்டை, 15 நிமிஷ நடைன்னா 128. இட்லியை விடவே வேண்டியதில்லை!

ஆனா காலையில வெறும் வயித்துல 95-க்குக் கீழே வரவே இல்லை. ராத்திரிக்கு இன்சுலின் ஆரம்பிச்சாங்க. தோத்துட்டேன்னு நினைச்சேன். தோல்வி இல்லைங்க, அது மருந்து.

ஒரு நாள் ராத்திரி மூணு மணிக்கு அலாரம். போன்ல 52. இன்சுலின் கூடிடுச்சோ? நடுங்கிட்டே விரல்ல குத்திப் பார்த்தேன்: 89. சென்சார் இருந்த கைமேலேயே படுத்திருக்கேன்! அழுத்தம் பட்டால் அது குறைத்துக் காட்டும். தோலுக்கடியில் உள்ள திரவத்தைத்தான் அளக்கிறது; ரத்தத்தை விடச் சில நிமிஷம் பின்தங்கும். சந்தேகம் வந்தா விரலை நம்புங்க.

பாப்பாவுக்கு இப்ப ரெண்டு மாசம். அடுத்த வாரம் எனக்கு மறுபடி அதே குளுக்கோஸ் டெஸ்ட். பிரசவம் ஆயிடுச்சேன்னு அதை மட்டும் விட்டுடாதீங்க.